டிரைவர் பக்கத்து வெயில்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நான் சொல்லப்போகிற விஷயத்தின் முக்கியமான இடத்தை நானே ஆறு வருடமாக முழுசாக நம்பவில்லை. எனக்குச் சாதகமாக ஒருவர் சொன்ன வார்த்தை அது. நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நம்புவேன். தனியாக ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்பமாட்டேன். நம்பாமலே ஆறு வருடம் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இன்றைக்குத்தான் போய் அவரிடமே கேட்டேன். கேட்டுவிட்டு வருகிற வழியில்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள். ஜன்னல் ஓரம் நான் உட்காருகிறேன். காற்றுக்காகக் கேட்கவில்லை. சாத்தூரில் ஏறும்போதே பார்த்தேன், வலது கையை ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். மதுரையிலிருந்தே இப்படித்தானே? மத்தியானம் மதுரையிலிருந்து தெற்கே வருகிற வண்டியில் வலது பக்கம்தான் வெயில். காலையில் திருநெல்வேலியிலிருந்து வடக்கே போனாலும் வலது பக்கம்தான் வெயில். இருபத்தொன்பது வருடம் இதே தடத்தில் கண்டக்டராக இருக்கிறேன். எந்த இருக்கையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டிக்கெட் கொடுக்கும்போதே அம்மாமார்கள் கேட்பார்கள், 'ஐயா, எந்தப் பக்கம் நிழலு?' என்று. சொல்லி உட்கார வைப்பேன். ஒரே ஒருவருக்குத்தான் சொல்ல முடியாது. டிரைவருக்கு.

வந்துவிட்டீர்களா? நல்லது. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையும் முகக்கவசமும், மேலாகத் தெரிகிற அந்த வெள்ளி அட்டை மாத்திரையும் எனக்குப் பழக்கம். அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். சிறுநீரகம்தானே? யார் கொடுத்தது? அம்மாவா. எத்தனை வருடம்? நாலா. நல்லபடியாக இருங்கள்.

என் பெயர் கோமதிநாயகம். டிப்போவில் நாயகம் என்றால் தெரியும். சங்கத்தில் கிளைச் செயலாளராகப் பதினோரு வருடம் இருந்தேன். இப்போது இல்லை. அடுத்த வருடம் ஓய்வு.

ஞானதிரவியம் அண்ணாச்சி என்னோடு ஓடிய டிரைவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஓட்டுகிற வண்டியில் ஒரு கிழவி நின்றுகொண்டு வந்தால் பிரேக்கே போடமாட்டார், வண்டி தானாக நிற்கிற மாதிரி நிறுத்துவார். நாற்பத்தாறு வயதில் ரத்தக் கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. ஒரு வருடம் டயாலிசிஸ். அண்ணன் தம்பி, அக்கா என்று சொந்தத்தில் யாரைக் கேட்கலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தபோது மதினி, அதாவது அவர் மனைவி ஜெயசீலி, குறுக்கே வந்து சொன்னார்: "யாரையும் போய்க் கேக்க வேண்டாம். ஒரு வருசமா உப்பில்லாக் கஞ்சி காச்சி ஊத்துனவ நான். இதையும் நானே குடுத்துட்டுப் போறேன்." பொருந்தியது. கொடுத்தார். பார்க்கப் போனவர்களிடம், "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். வயிற்றில் ஒரு சாண் தையல்.

எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்ப ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். இங்கிலீஷில். அண்ணாச்சி எட்டாம் வகுப்பு. என்னிடம் நீட்டி, "வாசியும்வே" என்றார்.

முதல் வரி, வண்டி ஓட்டலாம் என்றது. கீழே மூன்று நிபந்தனை. இரவு டூட்டி கூடாது. மாத்திரையை நேரம் தவறாமல் போட வசதி வேண்டும். மூன்றாவது, நேரடி வெயிலில் அதிக நேரம் இருக்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் டிப்போவில் நிபந்தனை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நிபந்தனை இருந்தாலும் ஸ்டீயரிங் கிடையாது. லைட் டூட்டி. சண்முகையா என்று ஒரு டிரைவர். முதுகுவலிக்கு டாக்டர் ஏதோ ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டார். கேட் பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு ஸ்டூல். அதில் உட்காரவைத்து உள்ளே வருகிற வண்டி நம்பரை எழுதச் சொன்னார்கள். நேற்று வரைக்கும் அவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போன ஆட்கள், "சம்முவையா, வாரியல எங்க வச்சிருக்கீரு?" என்று துடைப்பத்தைக் கேட்டார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை, வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் எல்லாருக்கும் அந்த ஸ்டூலைக் கண்டால் பயம். விபத்துக்குக்கூட அவ்வளவு பயம் கிடையாது.

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாயகம், என்னைய அந்த ஸ்டூல்ல மட்டும் உக்கார வச்சிராதவே."

நான் செயலாளர். இந்த மாதிரி வேலைதான் எனக்குக் கை வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் ஊரில் இல்லை, சின்னவர் இருந்தார். வெளியே நூறு பேர் வரிசை.

"சார், நிபந்தனை இல்லாம எழுதிக் குடுங்க சார். குடும்பம் நிக்கும்."

"நைட் டூட்டி?"

"அத நான் பாத்துக்கிடுதேன் சார். சங்கம் இருக்கு."

"வெயில் படக் கூடாதே."

"பஸ்ஸுக்கு மேல கூரை இருக்கு சார்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டேனா? "அதும் நாங்க என்ன வெள்ளக்காரத் தோலா சார்? பொறந்ததுலருந்து வெயிலத் தின்னு வளந்தவங்கல்லா." அவர் வரிசையைப் பார்த்தார், தாளைக் கிழித்துப் புதிதாக ஒன்று எழுதினார். ஒரே வரி. வண்டி ஓட்டத் தகுதியானவர். முத்திரை.

அன்றைக்கு நான் நடந்த நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இங்கேதான் தம்பி எனக்குச் சிக்கல். அந்த மூன்றாவது வரியை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேனா? காட்டினேன் என்று சில நாள் அப்படியே கண் முன்னால் தெரியும்: அவர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார், நான் விரலை வைத்து வைத்து வாசிக்கிறேன், மூன்றாவது வரியில் விரல் இருக்கிறது. ஆனால் என் குரல் கேட்காது. இன்னொரு நாள் யோசித்தால், "கீழ என்னமோ வழக்கமா எழுதுதது அண்ணாச்சி, அத விடுங்க" என்று நான் மடிப்பது தெரியும். இதில் குரல் நன்றாகவே கேட்கிறது. எது நடந்தது, எதை நான் பிற்பாடு செய்துகொண்டேன் என்று பிரிக்க முடியவில்லை. பழைய காகிதத்தை டிக்கெட் பையில் வைத்தேன். அப்புறம் அது எங்கே போனது என்று தெரியாது. தேடினேன். தேடியது ரொம்ப வருடம் கழித்து.

வண்டிக்கு மாலை போட்டுத்தான் அவரைத் திரும்ப ஏற்றினோம். மதினி வந்து வண்டி முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். டூட்டியும் நானே வாங்கிக் கொடுத்தேன். காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலி, ஒன்பதே முக்காலுக்கு மதுரை. பகல் ஒரு மணிக்கு மதுரையில் எடுத்தால் ஐந்து மணிக்கு வீடு. காலை எட்டு மணி மாத்திரைக்குக் கோவில்பட்டியில் நிறுத்தம், இரவு எட்டு மணி மாத்திரைக்கு வீட்டில் இருப்பார். இதைவிட நல்ல டூட்டி கிடையாது. மூன்று பேர் அதைக் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள், சண்டை போட்டு இவருக்கு வாங்கினேன். எனக்கும் சாயங்காலம் சங்க ஆபீஸ் போக வசதி. போகும்போது கிழக்கு வெயில் வலது பக்கம், வரும்போது மேற்கு வெயில் வலது பக்கம். பயணிகளுக்கு அதைச் சொல்லித்தான் இடம் காட்டுவேன். அவருக்கும் வலது பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில்தான் நாலுவழிச் சாலைக்காக மரத்தையெல்லாம் வெட்டி முடித்திருந்தார்கள். இதோ பாருங்கள், வெளியே. கண்ணுக்கு எட்டுகிற தூரம் நிழல் உண்டா?

டிப்போ வாசல் டீக்கடையில் ஒரு பழக்கம். மாற்றலாகி ஒரு டிரைவர் வந்தால் பெயர், ஊர் கேட்கமாட்டார்கள். "கைய வையும்வே" என்பார்கள். அவர் இரண்டு கையையும் பெஞ்சில் ஒட்டி வைக்க வேண்டும். இடது கை வீட்டு நிறத்தில் இருக்கும். வலது கை ரோட்டு நிறத்தில் இருக்கும். வித்தியாசத்தைப் பார்த்து சர்வீஸ் சொல்ல வேண்டும். "பதினாலு வருசம்." "போம்வே, பதினேழு. முழங்கைக்குக் கீழ சொரசொரப்பப் பாரும்." பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டு கையும் ஒரே நிறமாக இருந்தால் புதுசு, அவருக்கு டீ கிடையாது. அண்ணாச்சி கை வைத்தால் யாரும் எண்ண ஆரம்பிக்கமாட்டார்கள். "இது கையா? பைபாஸுல ரெண்டு கிலோமீட்டரப் பேத்து எடுத்துட்டு வந்துருக்காரு." அவர் சிரித்துக்கொண்டே கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அவருக்கு அதில் ஒரு பெருமை. எங்களுக்கும்.

வேலைக்குத் திரும்பி ஒரு மாதமோ என்னமோ, ஒரு திங்கட்கிழமை வலது கையில் ஒரு காக்கி உறை போட்டுக்கொண்டு வந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கீழே ஒரு பித்தான். இப்போது ஸ்கூட்டரில் போகிற பெண்பிள்ளைகள் எல்லாம் போடுகிறார்கள். அப்போது யாரும் பார்த்ததில்லை. மதினி மெஷினில் தைத்துக் கொடுத்தது. நான்தான் முதலில் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, மதினி பாவாட தச்சதுல துணி மிச்சமோ?" என்றேன். டீக்கடையே சிரித்தது. மெக்கானிக் ஒருவன், "கை சமஞ்சிட்டு போல, அதான் ஆம்பளையள் கண்ணுல படாம வச்சிருக்காவ" என்றான். டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். செவ்வாய்க்கிழமையும் போட்டுக்கொண்டு வந்தார். "சடங்கு எத்தன நாளு அண்ணாச்சி?" என்று கேட்டேன். புதன்கிழமை வெறுங்கை. எல்லாரும் கை தட்டினோம், அவர் டீக்கு நான் கொடுத்தேன். டிப்போவில் இதெல்லாம் சாதாரணம் தம்பி. சங்கச் சந்தா பிரிப்பதால் என்னையே 'ரசீதுப் புஸ்தகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்வதுதான். இதை எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம், கை.

ஐந்து வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் அருமையாக வேலை செய்கிறது என்று டாக்டர்கள் சொல்வார்கள். காகிதத்தைப் பார்ப்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். கையை யார் பார்த்தார்கள்? முழங்கைக்குக் கீழே மரு மாதிரி ஒன்று, பிறகு நாலைந்து. தோல் தடித்து, அங்கங்கே செதில். சொறிந்தால் பொருக்கு உதிரும், மறுபடி வரும். டீக்கடை பெஞ்சில் அந்தக் கையை வைத்தார். ஒரு புது ஆள் குனிந்து பார்த்துவிட்டு, "யப்பா! முப்பத்தஞ்சு வருச சர்வீசுலா!" என்றான். அண்ணாச்சிக்கு அப்போது இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதற்கும் சிரித்தோம்.

கோவில்பட்டி வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா? இருக்கிறதா, சரி.

ஆறாவது வருடம் காதில். வலது காதின் மேல் ஓரத்தில், அரிசி அளவு ஒரு பொருக்கு. சலூன்காரன் கத்தி பட்டது என்று அவனோடு சண்டைக்குப் போனார். துண்டால் முகம் துடைக்கும்போது ரத்தம் வரும். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டார். ஆறும், உரியும், மறுபடி பொருக்குக் கட்டும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஸ்டீயரிங்கில் இருக்கும்போது பின்னாலிருந்து எனக்கு அந்தக் காதுதான் தெரியும். தினமும் தெரியும். எட்டு மாதம். "என்ன அண்ணாச்சி, ஆறலியா?" என்று கேட்பேன். "வெயிலு காஞ்சா ஆறிரும்வே" என்பார். இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் ஆறும் என்றார். பிறகு ஒரு நாள் தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி.

உங்கள் புறங்கையில் இருப்பது என்ன? கேட்கக் கூடாது, இருந்தாலும் கேட்கிறேன். எண்ணெய் தெறித்ததா. எப்போது? தீபாவளிக்கா. இப்போது மாசி மாதம் தம்பி. நான் டாக்டர் கிடையாது. நூற்றில் தொண்ணூறு ஒன்றுமாக இருக்காது. ஆனால் அடுத்த தடவை போகும்போது கையை நீட்டி அதைக் காட்டுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நீங்களாகக் காட்டுங்கள்.

அந்தக் கட்டிக்குப் பிறகுதான் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார். புற்று. அவர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த முறையில் புரிந்துகொண்டேன். உடம்புக்குள் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனை இறக்கிவிடுவதுதான் அவர் வேலை. வேறொருவர் சிறுநீரகம் டிக்கெட் இல்லாமல் ஏறியது. அதை இறக்கிவிடாமல் இருக்கத்தான் மாத்திரை. மாத்திரை போட்டால் இன்ஸ்பெக்டர் தூங்குவார். அவர் தூங்குகிறார் என்று தெரிந்தால் வேறு யாரெல்லாம் ஏறுவார்கள்? வெயில் தோலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. நமக்கெல்லாம் கெட்டதை இன்ஸ்பெக்டர் இறக்கிவிட்டுவிடுவார். அண்ணாச்சிக்கு இறக்க ஆள் இல்லை. கறுப்புத் தோலுக்கு வராது என்று நான் சின்ன டாக்டரிடம் சொன்னேனே, அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "குறைச்சலா வரும். வராதுன்னு யார் சொன்னா?" என்றார். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

அப்புறம்தான் கொடுமை. இன்ஸ்பெக்டரை எழுப்ப வேண்டுமென்றால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அவர் முதலில் இறக்குவது மதினியின் சிறுநீரகத்தை. அண்ணாச்சி டாக்டர் முன்னால் குழந்தை மாதிரி மறுத்தார். "அவ வயித்தக் கிழிச்சுக் குடுத்தது. அது போகக் கூடாது. காத எடுத்துக்கிடுங்க, கைய எடுத்துக்கிடுங்க." மதினி பக்கத்தில் நின்று, "சொன்னதக் கேளுங்க. அது வெறும் சதை" என்றார். குறைத்தார்கள். காதை எடுத்தார்கள். கழுத்தில் அறுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு வருடத்தில் மறுபடி டயாலிசிஸ்.

நடுவில் ஒரு நாள் டிப்போவுக்கு வந்தார். காது இருந்த இடத்தில் பஞ்சுக்கட்டு. எல்லாரும் ஓடி வந்து நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. நேராகக் கேட் பக்கம் போய், அந்த வேப்பமரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருந்திருப்பார். மேலே மரத்தைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தாம்வே இருக்கு இந்த ஸ்டூலு" என்றார்.

சிறுநீரகம் வைத்துத் திரும்பி வந்ததிலிருந்து மொத்தம் ஏழு வருடம் ஓட்டினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். முடிந்தது.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் போன பிறகு மதினியிடம் காகித விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது வரி, சின்ன டாக்டர், கூரை எல்லாம் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவுகளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. வெயில் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் ஓட்டுனாக. நீங்க ஒண்ணையும் மறைக்கல. மனச அலட்டிக்கிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதுதான் நான் நம்பாத இடம். எப்படித் தெரியும்? காகிதம் இங்கிலீஷில். அதை வாசித்தவன் நான் ஒருவன். நான் சொல்லாமல் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒரு சாண் தையலை எறும்புக்கடி என்று சொன்னவர் மதினி. சிறுநீரகத்தையே கொடுத்தவர், அழுகிற ஒருவனுக்கு ஒரு பொய்யைக் கொடுக்கமாட்டாரா? செயலாளர் பதவியை அந்த வருடமே விட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யார் காகிதம் நீட்டினாலும், "வேற ஆளப் பாருங்க" என்பேன்.

மதினி இப்போது சாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் அங்கே டீச்சர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு காலையில் போனேன். மதினிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகத்தான் இருக்கிறார். டீ போட்டார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன். "மதினி, அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும்னு அன்னைக்குச் சொன்னீங்க. எப்படித் தெரியும்? எனக்காகச் சொன்னீங்களா?"

"ஆறு வருசமா இதையா சொமந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார் மதினி. பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, வார்டில் ஒரு நர்ஸ் பெண் இரண்டு பேரையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தமிழில். வெயிலில் போனால் கை மூட வேண்டும், காதுக்குத் துணி கட்ட வேண்டும், தோலில் எது வந்தாலும் காட்ட வேண்டும். சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னாளாம். அண்ணாச்சி திருப்பிச் சொன்னாராம். "நீங்க அந்தக் காயிதத்த வாசிச்சாலும் வாசிக்காட்டாலும் அவுகளுக்குத் தெரியும் தம்பி. நான் பொய் சொல்லல."

காகிதத்தை நான் மறைத்திருந்தாலும் அது ஒன்றையும் மறைக்கவில்லை. ஆறு வருடம். டீ ஆறிப் போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்தேன். சிரித்தேன்கூட. "ஒரு தடவ கேட்டுருந்தா போயிருக்கும், மதினி" என்றேன்.

"நம்பிக்கை இல்லன்னா இதப் பாருங்க," என்று மதினி எழுந்து போய்த் தையல் மெஷினின் டிராயரைத் திறந்தார். ஒரு கட்டு எடுத்துவந்து என் மடியில் வைத்தார். காக்கி உறைகள். ஆறு. "வெயிலு ஆகாதுன்னு தெரியாமலா இதத் தச்சேன்? வாரத்துக்கு ஆறு நா டூட்டி. தெனம் வேர்வையில நனையும், தோச்சுப் போடணும்லா. அதான் ஆறு."

ஒன்றில் மட்டும் மணிக்கட்டுப் பக்கம் லேசாக வியர்வைக் கறை. பித்தான் துளை தளர்ந்திருந்தது. மற்ற ஐந்தும் தைத்து மடித்த மடிப்புக் கலையவில்லை. நூல் முனைகூட வெட்டவில்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பாவாடைத் துணி இல்லை தம்பி. நல்ல தடித்த காக்கி. அண்ணாச்சியின் பழைய யூனிபாரம் சட்டையைப் பிரித்து, அவர் கை அளவுக்கு வெட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்திருந்தார்.

மதினி எதிரே நின்று நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்ப எழுந்தேன். வாசல் வரை போனேன். செருப்பை மாட்டினேன். உறை ஒன்று இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கொடுக்கத் திரும்பினேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

கேட்டுவிட்டேன்.

"மதினி, இத ஏன் போடலன்னு அண்ணாச்சி உங்ககிட்ட என்ன சொன்னாரு?"